சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும்

வயதான தாயாரை யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லவிருக்கும் ஒருவர், சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே விமானத் தூரம் எவ்வளவு, பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறார். தேடிப் பார்த்தபோது 191, 220, 355, 380 என்று நான்கு எண்களும், ஓரிடத்தில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் என்ற ஐந்தாவது எண்ணும் கிடைத்தனவாம். நேரமும் ஓரிடத்தில் 40 நிமிடம் என்றும், இன்னோரிடத்தில் ஒன்றரை மணி நேரம் என்றும் இருந்ததாம். எதை நம்பி அம்மாவின் சாப்பாட்டு நேரத்தையும் மருந்து நேரத்தையும் திட்டமிடுவது என்பது அவருடைய கவலை. நியாயமான கவலை அது.

முதலில் நேரான விடையைச் சொல்லிவிடுகிறேன். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டு வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். தரையை விட்டு எழும்பியதிலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை 50 முதல் 60 நிமிடங்கள் ஆகும். பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் 1 மணி 15 நிமிடத்திலிருந்து 1 மணி 30 நிமிடம் வரை இருக்கும். ஆனால் சென்னையில் வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து யாழ்ப்பாணத்தில் தங்குமிடத்துக்குள் நுழைவது வரை கணக்கிட்டால் 6 முதல் 7 மணி நேரம் ஆகிவிடும். அம்மாவின் மருந்து நேரத்துக்கு இந்தக் கடைசி எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இனி அந்த ஐந்து எண்களும் எப்படி வந்தன என்று பார்க்கலாம். 191, 220, 355 ஆகிய மூன்றும் ஒரே தூரம்தான். 355 என்பது கிலோமீட்டர், 220 என்பது மைல், 191 என்பது கடல் மைல். விமானமும் கப்பலும் கடல் மைலில் கணக்கு வைப்பதால், வான்பயணத் தளங்கள் சிலவற்றில் அந்த எண்ணே முதலில் கண்ணில் படும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், 191ஐ அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 354 வந்துவிடுகிறது. அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு, யாழ்ப்பாணம் திடீரெனப் பாதித் தூரம் நெருங்கி வந்துவிட்டது போலத் தோன்றும்.

ஒரு தளத்தில் 354, இன்னொன்றில் 356 என்று இருந்தால் அதையும் பிழையென்று எண்ண வேண்டாம். பூமியைச் சீரான உருண்டை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் ஒரு பாகை அட்சரேகை எங்கும் 111.2 கிலோமீட்டர் என்றாகும். உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் பகுதியில் ஒரு பாகை ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர்தான். மீனம்பாக்கம் 13 பாகைக்குச் சற்றுக் கீழேயும் பலாலி 9.8 பாகையிலும் இருக்கின்றன, இடைவெளி 3.2 பாகை. இந்த இரண்டு கணக்கு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு அந்த 2 கிலோமீட்டர்.

380 என்ற எண்ணின் கதை வேறு. அது விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் அல்ல. சென்னை சென்ட்ரலிலிருந்து யாழ்ப்பாண நகரம் வரை நேர்கோடு இழுத்தால் கிடைக்கும் தூரம். நகரங்களை அளந்தால் கூடுதலாகவும் விமான நிலையங்களை அளந்தால் குறைவாகவும் வருவதற்கு ஓர் அழகான காரணம் உண்டு. மீனம்பாக்கம் சென்னை நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. பலாலியோ யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே, தீவின் வடகரையை ஒட்டி இருக்கிறது. இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று நோக்கிக் கை நீட்டியது போல விமான நிலையங்கள் அமைந்திருப்பதால், வானில் 25 கிலோமீட்டர் மிச்சமாகிறது. அந்த 25 கிலோமீட்டரை நாம் எப்படியும் தரையில் கடந்தே ஆக வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1,000 கிலோமீட்டருக்கு மேல் என்ற ஐந்தாவது எண், கொழும்பு வழியாகச் செல்லும் பயணத்தின் தூரம். சென்னையிலிருந்து கொழும்புக்கு வடக்கேயுள்ள கட்டுநாயக்க விமான நிலையம் ஏறத்தாழ 644 கிலோமீட்டர். அங்கே இறங்கி, புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று மீண்டும் வடக்கு நோக்கி வீதியில் வந்தால் 360 முதல் 390 கிலோமீட்டர் வரை ஆகும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 355 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஓர் ஊருக்குப் போக, விமானத்தில் அதன் தலைக்கு மேலாகவோ பக்கமாகவோ கடந்து தெற்கே போய், பிறகு ஒரு பகலோ ஓர் இரவோ முழுவதும் வண்டியில் திரும்பி வர வேண்டும்.

இந்த எண்ணை வெறும் சுற்றுவழிக் கணக்கு என்று நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. ஒரு தலைமுறைக்கு மேல், யாழ்ப்பாணத்து மக்களுக்குச் சென்னை இருந்த உண்மையான தூரம் அதுதான். பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையால் அமைக்கப்பட்டது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணமே, 1947 டிசம்பர் 10 அன்று, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் நடந்தது. அன்று காங்கேசன்துறை விமான நிலையம் என்று அழைக்கப்பட்டது இந்தப் பலாலியே. அதாவது இலங்கையின் தேசிய விமான சேவை தொடங்கிய நாளிலேயே யாழ்ப்பாணமும் சென்னையும் வானில் இணைந்திருந்தன. பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. பலாலி இராணுவத் தளத்துக்குள் அடங்கிப்போனது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயிலும் நின்றது. ஒரு மணி நேரம் பறந்தால் சேரக்கூடிய ஊரிலிருந்து சென்னைக்கு மருத்துவத்துக்கோ திருமணத்துக்கோ வர வேண்டியவர்கள், போர்க்காலத்தில் கொழும்பு போய்ச் சேர்வதற்கே படாத பாடு பட்டார்கள். போர் முடிந்த பின்னரும் பத்தாண்டுகள் கொழும்பு வழிதான். யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு பலாலி மீண்டும் திறக்கப்பட்டது 2019 அக்டோபர் 17 அன்று. நவம்பர் 11இல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து முறையான பயணிகள் சேவையைத் தொடங்கியது. சில மாதங்கள் ஓடுவதற்குள் பெருந்தொற்று வந்து எல்லாம் நின்றுபோய், 2022 டிசம்பர் 12 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் ஒரு சேவையைத் தொடங்கியது.

இனி நேரத்துக்கு வருவோம். 40 நிமிடம் என்று காட்டும் தளங்கள் செய்வது எளிய வகுத்தல். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 830 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு 355ஐ அதனால் வகுத்தால் 26 நிமிடம் வரும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று கொஞ்சம் கூட்டினால் 40 ஆகிவிடும். கணக்கு சரி, விமானம்தான் தவறு. இந்தத் தடத்தில் பறப்பது ஜெட் விமானம் அல்ல. ஏடிஆர் 72 என்ற, இறக்கைகளில் இரண்டு சுழல்விசிறிகள் கொண்ட, 70 முதல் 78 பேர் அமரக்கூடிய சிறு விமானம். அதன் அதிகபட்சப் பறப்பு வேகமே மணிக்கு ஏறத்தாழ 510 கிலோமீட்டர்தான். பலாலியின் ஓடுபாதையும் நிலைய வசதிகளும் இப்போதைக்கு இத்தகைய சிறு விமானங்களுக்கே ஏற்றவை. ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானங்களை இறக்க வேண்டும் என்ற விருப்பம் பலருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அங்கே சுற்றியுள்ள நிலம் பலாலியை உள்ளடக்கிய வலிகாமம் வடக்குப் பகுதியிலிருந்து போரின்போது இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் வீடும் தோட்டமும் கோயிலும் இருந்த நிலம் என்பதையும், அவர்களில் பலர் அதற்காக இன்னும் காத்திருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிட்டு அந்த விருப்பத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏடிஆர் விமானத்தின் 355 கிலோமீட்டரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் நேரம் தெளிவாகிவிடும். எழும்பியதும் பதினேழாயிரம், பதினெட்டாயிரம் அடி உயரத்துக்கு ஏறச் சுமார் 15 நிமிடம் ஆகும். ஏறும்போது வேகம் குறைவு என்பதால் அதற்குள் 80, 90 கிலோமீட்டர்தான் கடந்திருக்கும். அதுபோலவே இறங்கத் தொடங்குவது பலாலிக்கு 100 கிலோமீட்டர் முன்பாகவே நிகழ்ந்துவிடும். அதற்கும் ஏறத்தாழ 15 நிமிடம். நடுவில் எஞ்சுவது 170 கிலோமீட்டர் அளவிலான சமதளப் பறத்தல். அதுதான் முழு வேகத்தில் கடக்கப்படுகிறது, 20 நிமிடத்துக்குச் சற்று மேல். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்கும் சில நிமிடங்களையும் சேர்த்தால் 55 நிமிடத்தை ஒட்டி வந்து நிற்கும். இதே தடத்தில் ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் பறந்தால் 40 நிமிடத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். அதிகபட்ச வேகத்தில் பெரிய வித்தியாசம் இருந்தும், இவ்வளவு குறுகிய தூரத்தில் மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம்தான், ஏனென்றால் ஜெட் விமானம் தன் முழு வேகத்தை எட்டுவதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும்.

அப்படியானால் 55 நிமிடப் பயணத்துக்குச் சீட்டில் ஏன் 75 அல்லது 90 நிமிடம் போடுகிறார்கள்? சீட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, சேருமிடத்தில் முழுமையாக நிற்கும் நொடி வரையிலான நேரம் அது. சென்னையில் விமானம் நகர்ந்து ஓடுபாதையின் முனைக்குப் போவதற்கே பத்து நிமிடம் ஆகலாம். அங்கே முன்னால் இரண்டு மூன்று விமானங்கள் காத்திருந்தால் இன்னும் ஐந்து பத்து நிமிடம் கூடும். திரும்பி வரும்போது சென்னைக்கு மேலே வரிசையில் காத்திருந்து இறங்க வேண்டியும் வரலாம். விமான நிறுவனங்கள் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, சற்றுத் தாராளமாகவே நேரம் போடுகின்றன. எனவே சீட்டில் உள்ள நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே பலாலியில் இறங்கினால் வியப்படைய வேண்டியதில்லை.

இதை நன்றாக விளக்கும் ஓர் ஒப்பீடு கையருகிலேயே இருக்கிறது. திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 184 கிலோமீட்டர்தான். சென்னைத் தூரத்தில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் திருச்சிச் சேவை தொடங்கியபோது அட்டவணையில் குறித்திருந்த நேரம் ஒரு மணி நேரம். சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். 170 கிலோமீட்டர் கூடியும் கூடுவது 15 நிமிடம் மட்டுமே. ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவது, நிற்பது ஆகியவை தூரம் எதுவானாலும் மாறாத செலவு. இடையிலுள்ள சமதளப் பறத்தல்தான் தூரத்தோடு கூடுகிறது அல்லது குறைகிறது. ஆகவே, குறுகிய தடங்களில் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் கண்டுபிடிப்பது எப்போதும் ஏமாற்றத்திலேயே முடியும். தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் இருப்பவர்கள் திருச்சியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள இலாபம் வானில் மிச்சமாகும் கால் மணி நேரத்தில் இல்லை. சென்னை வரை வரும் ஐந்தாறு மணி நேர ரயில் அல்லது பேருந்துப் பயணம் இல்லாமல் போவதில்தான் இருக்கிறது.

காற்றைப் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. இந்தத் தடம் கிட்டத்தட்ட நேர் தெற்கே செல்வது; பலாலி, மீனம்பாக்கத்தைவிட 12 கிலோமீட்டர் அளவுக்கு மட்டுமே மேற்கே விலகியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்று மேற்கிலிருந்து வருவதால் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தாக்கும். வடகிழக்குப் பருவத்தில் காற்று சற்றுப் பின்னாலிருந்து தள்ளுவதால் தெற்கே போகும்போது ஓரிரு நிமிடம் மிச்சமாகலாம், திரும்பும்போது அது செலவாகலாம். நீண்ட கிழக்கு மேற்குப் பயணங்களில் காண்பது போன்ற பெரிய வேறுபாடு இதில் இல்லை. காற்று உண்மையில் தீர்மானிப்பது சென்னையில் எந்தத் திசையில் எழும்புகிறோம் என்பதை. மேல்காற்று வீசும் மாதங்களில் மேற்கு நோக்கி எழும்பி இடப்புறம் திரும்புவார்கள். வாடை வீசும் மாதங்களில் கடலை நோக்கிக் கிழக்கே எழும்பி வலப்புறம் திரும்புவார்கள். எப்படியானாலும் ஒரு சிறு வளைவு உண்டு. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டினர் சொல்லும் வழியில் செல்வதால், உண்மையில் பறந்த தூரம் 355ஐவிடச் சில பத்துக் கிலோமீட்டர் கூடுதலாகவே இருக்கும். நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலில் தாழ்வழுத்தம் உருவாகும் நாட்களில் மட்டும் இந்தக் கணக்குகள் எதுவும் நிற்காது. அந்த நாட்களில் தாமதமும் இரத்தும் இயல்பு. நல்லூர்த் திருவிழா ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி வருவதால் உங்களுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

கடிகாரத்தைத் திருத்த வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே விடை. இந்தியாவும் இலங்கையும் இப்போது ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே. ஆனால் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996இல் மின்தட்டுப்பாட்டின்போது இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, அதே ஆண்டில் அரை மணி நேரம் பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளில் பயணம் செய்த பெரியவர்கள் யாராவது அரை மணி நேர வித்தியாசம் உண்டு என்று உங்களிடம் சொன்னால், அவர்கள் நினைவு பிழையில்லை; காலம்தான் மாறிவிட்டது.

இப்போது உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் கணக்கு. தியாகராய நகரிலிருந்து புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெரிசலைப் பொறுத்து மீனம்பாக்கத்துக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மெட்ரோ ரயில் விமான நிலையம் வரையே செல்வதால், பெட்டிகள் குறைவாக இருந்தால் அது நம்பகமான வழி. குறுகிய பயணம், சிறிய விமானம் என்பதால் உள்நாட்டுப் பயணம் போல ஒரு மணி நேரம் முன்னால் போனால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். பலரும் செய்யும் தவறு இது. யாழ்ப்பாண விமானம் பன்னாட்டு முனையத்திலிருந்து புறப்படுகிறது. கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கம், பாதுகாப்புச் சோதனை என்று சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் நிற்கும் அதே வரிசைகளில்தான் நீங்களும் நிற்க வேண்டும். 355 கிலோமீட்டர் போகிறவருக்கென்று தனி வரிசை கிடையாது. மூன்று மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. பிறகு சீட்டில் உள்ளபடி ஒன்றேகால் மணி நேரம். பலாலி சிறிய நிலையம். ஒரு விமானத்தில் வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள் என்பதால், குடிவரவுச் சோதனையும் பெட்டி வருவதும் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் நேர்கோட்டில் 15 கிலோமீட்டர், வீதியில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். வண்டியில் 40 நிமிடம். எல்லாவற்றையும் கூட்டினால் ஆறரை மணி நேரத்தை ஒட்டி வரும். அதில் அம்மா வானில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. களைப்பு வருவது பறப்பதால் அல்ல, நிற்பதாலும் காத்திருப்பதாலும்தான். ஆகவே சக்கர நாற்காலி வேண்டும் என்று சீட்டு எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

கொழும்பு வழியை இதே முறையில் கணக்கிட்டால் 13, 14 மணி நேரத்துக்குக் குறையாது. கட்டுநாயக்கவிலிருந்து வண்டி எடுத்தாலும் 7 மணி நேரம் ஆகும். கொழும்பு கோட்டைக்குப் போய் யாழ்தேவியைப் பிடித்தாலும் ஏறத்தாழ அவ்வளவுதான். 1956இல் தொடங்கிய அந்த ரயில், இருபத்து நான்கு ஆண்டுகள் தடைபட்டு, 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. அதில் ஒரு முறையாவது பயணம் செய்ய வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் வயதான தாயாரோடு, சென்னையிலிருந்து ஒரே மூச்சில் செய்ய வேண்டிய பயணம் அல்ல அது. கடல்வழியும் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல் தூரம் 60 கடல் மைல், அதாவது சுமார் 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் பிடிக்கும். நாகப்பட்டினத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு நல்ல வழி. சென்னையிலிருந்து போகிறவர்கள் முதலில் 300 கிலோமீட்டர் தரைப்பயணம் செய்ய வேண்டும் என்பதாலும், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சேவை நிற்பதாலும், உங்களுக்கு விமானமே ஏற்றது.

சீட்டு எடுக்கும்போது இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். விமான அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும்; போன பருவத்தில் சென்று வந்த உறவினர் சொல்லும் புறப்பாட்டு நேரத்தை நம்பாமல், பயணத் தேதிக்கு உரிய நேரத்தையே பாருங்கள். இலங்கையின் நுழைவு அனுமதி விதிகளும் கட்டணமும் அடிக்கடி திருத்தப்படுகின்றன. புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பாக அந்நாட்டு அரசின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே சரிபார்த்து, மின்னணுப் பயண அனுமதியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏடிஆர் விமானத்தில் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. படிகள் குறைவு, ஆனால் ஏணியும் கைப்பிடியும் குறுகலானவை. சுழல்விசிறிகள் முன்பாதியில் இருப்பதால் இரைச்சலும் அதிர்வும் முன்வரிசைகளில் அதிகம். அம்மாவுக்குப் பின்வரிசை இருக்கை எடுத்தால் ஏறுவதும் எளிது, அமைதியும் கிடைக்கும். இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் எந்தச் சன்னலிலிருந்தும் கீழே பார்க்கலாம். போகும்போது வலப்புறச் சன்னலைக் கேளுங்கள். மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே கரை மேற்கே விலகத் தொடங்கும். வானம் தெளிவாக இருந்தால் புதுச்சேரியும் கடலூரும் நாகப்பட்டினமும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கோடாகத் தெரியும். கோடியக்கரையைத் தாண்டியதும் பாக்கு நீரிணை. அதன்மேல் பத்து நிமிடம் பறப்பதற்குள் மறுகரையின் பனைமரங்களும் செம்மண் தோட்டங்களும் வந்துவிடும். திரும்பும்போது அதே காட்சி இடப்புறம்.

பலாலியிலிருந்து நல்லூருக்கு நகரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. பலாலி வீதியில் புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், கோண்டாவில், திருநெல்வேலி என்று தெற்கே வந்தால், நகரத்தை அடையும் முன்பே நல்லூருக்குத் திரும்பிவிடலாம். ஆனால் திருவிழா நாட்களில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளை வாகனங்களுக்கு அடைத்துவிடுவார்கள். எனவே கடைசிப் பகுதியை நடந்துதான் கடக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு, நெரிசல் குறைந்த ஒரு மாலையில் அம்மாவை அழைத்துச் செல்லும்படி தங்குமிடத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.